குறுங்காணொளி வென்றது அதன் நீளத்தாலா?

திண்ணைவாசி (இழையைத் தொடங்கியவர்):

நண்பர்களுக்கு வணக்கம். இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ், யூடியூபின் ஷார்ட்ஸ் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரே விளக்கம்தான் காதில் விழுகிறது: மக்களுக்குப் பொறுமை போய்விட்டது, ஆகவே சிறியதை விரும்புகிறார்கள். இந்த விளக்கம் எனக்கு ஒருநாளும் நிறைவளித்ததில்லை. ஏன் என்று எழுதுகிறேன்; பிழை இருந்தால் திருத்துங்கள்.

2013 ஜனவரியில் வைன் என்றொரு செயலி வந்தது. அதில் ஒரு காணொளிக்கு ஆறே விநாடிதான். அது வெளிவருவதற்கு முன்பே ட்விட்டர் நிறுவனம் அதை வாங்கியிருந்தது. அமெரிக்க இளைஞர்களிடையே பெரும் பெயரும் எடுத்தது. ஆனால் நான்கே ஆண்டுகளில், 2017 ஜனவரியில், மூடிவிட்டார்கள். குறுமைதான் வெற்றியின் சூட்சுமம் என்றால் ஆறு விநாடியைவிடக் குறுகியது வேறென்ன இருக்க முடியும்? அடுத்தது குவிபி. 2020 ஏப்ரலில் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் 175 கோடி டாலர் திரட்டித் தொடங்கிய சேவை அது. பத்து நிமிடத்துக்கு உட்பட்ட அத்தியாயங்கள், பெயர்பெற்ற நடிகர்கள், கைப்பேசிக்கென்றே எடுத்த காட்சிகள் என்று எல்லாம் இருந்தும் அதே ஆண்டு டிசம்பரில் கடையைக் கட்டியது. மறுபுறம், வென்றவை எல்லாம் நீண்டுகொண்டே போகின்றன. 15 விநாடியில் தொடங்கிய டிக்டாக் 2021-இல் 3 நிமிடத்துக்கும் 2022-இல் 10 நிமிடத்துக்கும் போனது. ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலும் ரீல்ஸ் 2025 ஜனவரியிலும் 3 நிமிடத்தைத் தொட்டன. நீளம் கூடியதால் ஒருவரும் ஓடிப்போய்விடவில்லை.

என் எண்ணத்தில், உண்மையில் சுருங்கியது 'எதைப் பார்ப்பது' என்று நாம் யோசிக்கும் நேரம். அந்தக் கேள்வியையே நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். சென்ற வாரம் நெல்லையிலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் போனேன். பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞர் ஆலங்குளத்தில் கைப்பேசியை எடுத்தவர் பாவூர்ச்சத்திரம் தாண்டும்வரை கட்டைவிரலை மட்டும்தான் அசைத்தார். ஒரு சொல்லையும் தட்டச்சு செய்யவில்லை, ஒரு பட்டியலையும் திறக்கவில்லை. இறங்கும்போது, "எது தம்பி நன்றாக இருந்தது?" என்று கேட்டேன். சற்று யோசித்து, நுங்கு வெட்டும் காணொளி ஒன்று வந்ததாகச் சொன்னார். மற்றவை அவருக்கே நினைவில் இல்லை. அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் மறந்தாரா, குறுகியதாக இருந்ததால் மறந்தாரா என்பதுதான் என் கேள்வி.

வெட்டு_ஒட்டு:

திண்ணைவாசி ஐயாவுக்கு வணக்கம். சாலிகிராமத்தில் பதினோரு ஆண்டுகளாகப் படத்தொகுப்பு வேலை செய்கிறேன். அதில் பின்பாதி முழுவதும் இந்தக் குறுங்காணொளிகளால்தான் எனக்குச் சோறு. உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். ஆனால் நம் ஊரில் இந்தப் பழக்கம் டிக்டாக்கோடு தொடங்கியதல்ல என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2015-இல் டப்ஸ்மாஷ் வந்தபோது வீட்டுக்கு ஒருவராவது நகைச்சுவை வசனத்துக்கு வாயசைத்துப் பதிவுசெய்து நண்பர்களுக்கு அனுப்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்துகொண்டிருக்கும் பொதுவான ஓடை (ஃபீட்) என்று அதில் ஒன்று கிடையாது. எடுத்தவர்தான் ஒவ்வொருவருக்காக வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்தது. ஒரு துண்டுக்கு 30 விநாடி எல்லை. அன்றைக்குப் பல்லவியை மட்டும் வெட்டி, அடியில் வரிகளை ஓடவிட்டு, 'ஸ்டேட்டஸ் வீடியோ' என்று கொடுப்பதே எங்களைப் போன்ற பலருக்குத் தொழிலாக இருந்தது. காதல் தோல்விக்குத் தனி, அம்மாவுக்குத் தனி, ஊர்த் திருவிழாவுக்குத் தனி. ஆகவே முப்பது விநாடியில் ஒரு மனநிலையைச் சொல்லிவிட முடியும் என்று தமிழர்கள் பழகியபிறகுதான் மற்றவை வந்தன.

தொழில்முறையில் ஒன்று சொல்கிறேன். நெடுக்குச் சட்டகத்தில் இரண்டு பேரை அருகருகே நிற்கவைத்தால் இருவருக்கும் தோள் வெட்டுப்படும். உரையாடலை எடுப்பது கடினம். ஓர் ஆள் கேமராவைப் பார்த்து நேராகப் பேசுவது எளிது. எல்லோரும் நம்மைப் பார்த்துத் தனியாகப் பேசும் வடிவமாக இது மாறியதற்கு அந்தச் சட்டகத்தின் அகலம் ஒரு காரணம். இன்னொன்று, வட்டம். கடைசிச் சொல்லைப் பாதியில் வெட்டி, முதல் சொல்லோடு பொருந்தும்படி ஒட்டிவிட்டால், காணொளி முடிந்ததே பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டாம் முறையும் ஓடிவிடும். 'ஏன்னா' என்று முடித்து, அதற்கான காரணத்தை முதல் வரியாக வைப்பது இப்போது மிகவும் மலிந்துபோன உத்தி. நானே வாரத்துக்கு நான்கு செய்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எண்ணிக்கைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஷார்ட்ஸை நாளொன்றுக்கு 7,000 கோடி முறை பார்க்கிறார்கள் என்று 2023-இல் சொன்னார்கள். 2025 ஜூனில் 20,000 கோடி என்றார்கள். இடையில் 2025 மார்ச் 31 முதல் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. இப்போது காணொளி ஓடத் தொடங்கினாலோ மீண்டும் ஓடினாலோ ஒவ்வொன்றும் ஒரு பார்வை. குறைந்தபட்ச நேரம் என்று ஏதும் இல்லை. விரல் தள்ளும் வழியில் கண்ணில் பட்டதும் அதில் அடக்கம். எனவே இரண்டு எண்களையும் அருகருகே வைத்து 'மும்மடங்கு வளர்ச்சி' என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

பழைய_சுருள்:

நீளம் பற்றிய பேச்சு என்பதால் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். 1895-இல் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 விநாடிதான். அன்றைய பார்வையாளருக்குப் பொறுமை இல்லை என்று எவரும் சொன்னதில்லை. கருவிக்குள் 17 மீட்டர் சுருள்தான் அடங்கியது, அவ்வளவே. 1905-இல் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், து போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் காட்டத் தொடங்கியபோதும் கையிலிருந்தவை சிறு படங்கள்தான். நீளத்தை முதலில் முடிவுசெய்வது கருவி; மனிதன் அதற்குப் பழகிக்கொள்கிறான்.

ரீல் என்ற சொல்லே அந்தச் சுருளிலிருந்து வந்தது என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி உண்டு. தமிழில் 'ரீல் விடுவது' என்றால் என்ன பொருள் என்பதை ரீல்ஸை நடத்தும் மெட்டா நிறுவனத்தாருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வழக்குக்கட்டு:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். குறுங்காணொளியின் செல்வாக்கைப் பேசும்போது தடைகளின் கதையை விட்டுவிட்டால் பாதிதான் பேசியதாகும். அதில் முதல் அத்தியாயம் எங்கள் ஊரில் எழுதப்பட்டது.

2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக்கைத் தரவிறக்குவதைத் தடைசெய்யுமாறு மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவிட்டது. அடுத்த இரு வாரங்களுக்குள் கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து செயலியை நீக்கின. ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் தடையை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட நாட்களில், ஏற்கெனவே செயலியை வைத்திருந்தவர்கள் வழக்கம்போல் ஆடிப்பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் நின்றபடி, தடையைப் பற்றிய டிக்டாக் காணொளியை டிக்டாக்கிலேயே பார்த்தவன் நான்.

அடுத்தது 2020 ஜூன் 29. சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பிறகு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடைசெய்தது. இம்முறை தடை நிலைத்தது. ஆனால் அதன் பின் நடந்ததைக் கவனியுங்கள். ஜூலையிலேயே ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. மோஜ், ஜோஷ், டகாடக் என்று நம் நாட்டுச் செயலிகளும் தமிழ் உட்படப் பல மொழிகளில் புற்றீசல்போலக் கிளம்பின. டகாடக்கை 2022-இல் மோஜின் தாய் நிறுவனமே வாங்கிவிட்டது. நாட்டுச் செயலிகளைப் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ரீல்ஸும் ஷார்ட்ஸும் எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்த செயலிகளுக்குள் ஒரு பொத்தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. முதலாளி மாறினார், பழக்கம் ஒரு நாள்கூட விடுமுறை எடுக்கவில்லை. இதைப் பார்க்கும்போது, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மாயம் என்ற வாதமும் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை.

வடமராட்சியான்:

வழக்குக்கட்டு அண்ணருக்கு: எங்கள் பக்கம் டிக்டாக் தடைசெய்யப்படவில்லை என்பதால் இலங்கையில் அது இன்றும் முதன்மையான இடத்தில் இருக்கிறது. தமிழில் ரீல்ஸ் என்று நீங்கள் சொல்லும் இடத்தில் நாங்கள் டிக்டாக் என்றே சொல்கிறோம்.

திண்ணைவாசி ஐயா சொன்ன 'தேர்வு' என்பதை என் அம்மம்மாவை வைத்து விளங்கிக்கொள்ள முயல்கிறேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. அச்சுத் தமிழைக் கண்ணாடி போட்டு மெல்ல வாசிப்பார். கைத்தொலைபேசியில் தமிழைத் தட்டச்சு செய்ய அவருக்கு வராது. முன்பெல்லாம் ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் எங்களில் ஒருவர் தேடிப் போட்டுக்கொடுக்க வேண்டும். "தம்பி, அந்தக் கோயில் தேரைப் போட்டு விடு" என்று கேட்டு, எங்களுக்கு வேலை இருந்தால் காத்திருப்பார். டிக்டாக்குக்கு ஒருவரும் தேவைப்படவில்லை. மேலே தள்ளத் தெரிந்தால் போதும். முதல் கிழமை சிங்களப் பாட்டுகளும் யாரோ ஆடுவதும் வந்தன. இரண்டாம் கிழமைக்குள் கோயில் திருவிழா, நாட்டு வைத்தியம், கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பனி அள்ளிக் கொட்டுவது என்று அவருக்கேற்ற ஓடை ஒன்று தானாக அமைந்துவிட்டது. அந்தக் கனடாக்காரரை இப்போது அவர் பெயர் சொல்லி விசாரிக்கிறார்.

தேடல் பெட்டி எழுத்துக்கூட்டலைக் கேட்கிறது. ஓடை எதையும் கேட்பதில்லை. தேர்வைப் பறித்துவிட்டார்கள் என்று நீங்கள் வருந்துகிறீர்கள், ஐயா. அம்மம்மாவுக்கு முன்பு அந்தத் தேர்வு இருந்ததா என்பதையும் யோசிக்க வேண்டும்.

திண்ணைவாசி:

வடமராட்சியான் தம்பி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். தேர்வு என்பது படித்தவர்களின் வசதி என்ற கோணத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இதோடு பொருந்தும் இன்னொன்று தோன்றுகிறது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வருவதற்கு முன்பு, மாதத்துக்கு 1 ஜிபி வாங்கிவிட்டு அதை ஒரு படி அரிசியை அளப்பதுபோல அளந்து செலவழித்தேன். ஒரு காணொளியைத் திறப்பதற்கு முன், தலைப்பைப் படித்து, எத்தனை நிமிடம் என்று பார்த்து, பெறுமா பெறாதா என்று யோசிப்பேன். நாளுக்கே 1 ஜிபி என்றான பிறகு அந்த யோசனைக்கு வேலையில்லாமல் போயிற்று. எதுவும் பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம், நட்டம் ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கும்போது முற்றலா இளசா என்று உடைத்துப் பார்த்து வெண்டைக்காய் வாங்குபவர், பந்தியில் உட்கார்ந்தால் இலையில் விழுவதைச் சாப்பிடுகிறார் அல்லவா? தரவு விலை வீழ்ந்ததும் நாம் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டோம்.

நிரலன்:

கோவையில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் பரிந்துரை நிரல்கள் என் வேலையோடு தொடர்புடையவை, ஆனால் மேலே பேசப்பட்ட நிறுவனங்கள் எதிலும் நான் வேலை செய்யவில்லை. திண்ணைவாசி அவர்கள் நீளத்தை முற்றிலும் ஒதுக்கியதை மட்டும் மறுக்க விரும்புகிறேன். நீளம் முக்கியம்தான், அது பார்ப்பவருக்கு முக்கியம் என்பதைவிட எந்திரத்துக்கு முக்கியம்.

ஒருவர் இருபது நிமிட நேர்காணல் ஒன்றைப் பார்க்கிறார் என்று வையுங்கள். அந்த இருபது நிமிடத்தில் நிரலுக்குக் கிடைப்பது அநேகமாக ஒரே செய்தி: பார்த்தார், அல்லது பாதியில் போய்விட்டார். ஏன் போனார், பேசியவரைப் பிடிக்கவில்லையா, பொருள் சலித்ததா, அடுப்பில் பால் பொங்கியதா என்று எதுவும் தெரியாது. அதே இருபது நிமிடத்தில் இருபது விநாடிக் காணொளிகள் என்றால் அறுபது. அறுபது முறை அவர் தீர்ப்புச் சொல்கிறார். ஒரு விநாடியில் தள்ளினாரா, முழுதும் பார்த்தாரா, மீண்டும் ஓடவிட்டாரா, நண்பருக்கு அனுப்பினாரா, கருத்துகளைத் திறந்தாரா என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாகிறது. திரையில் ஒரு நேரத்தில் ஒரே காணொளிதான் இருக்கிறது என்பதும் இங்கு முக்கியம். பழைய முகப்பில் பத்துப் படங்களில் ஒன்றை அழுத்தினால், மற்ற ஒன்பதும் பிடிக்கவில்லையா கண்ணிலேயே படவில்லையா என்று தெரியாது. இங்கே அந்த ஐயத்துக்கு இடமில்லை.

ஆகவே குறுமை என்பது கற்றுக்கொள்ளும் வேகம். வைனில் காணொளி சிறியதாக இருந்தது; ஆனால் அதன் முகப்பில் வந்தவை பெரும்பாலும் நாம் பின்தொடர்ந்தவர்களின் காணொளிகள். குவிபி தன் அத்தியாயங்களைக் கடையில் அடுக்கி வைத்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது. டிக்டாக்தான் குறுமையையும் பரிந்துரையையும் இணைத்து, யாரையும் பின்தொடராதவருக்கும் ஓடையை நிரப்பிக்கொடுத்தது. ஒரு வரலாற்றுக் குறிப்பு: முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின்; அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அவர் செய்ததில் அடுத்த பக்கம் தானாக வந்தது. இன்று வரும் அடுத்த பக்கம் நமக்கென்றே தைத்து வருகிறது.

ஐயமிருந்தால் புதிய கணக்கொன்றைத் தொடங்கி, எதையும் விரும்பாமல், எதையும் தேடாமல், ஒரே வகைக் காணொளியில் மட்டும் சற்று நின்று பாருங்கள்.

ஒதுங்கியவன்:

ரீல்ஸும் ஷார்ட்ஸும் வரும் செயலிகள் இரண்டையும் நான் கைப்பேசியிலிருந்து அழித்து ஏழு மாதமாகிறது. யாருக்கும் அறிவுரை சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்ட ஒன்றைத் தனி மனிதரின் மன உறுதிக்கு விட்டுவிடுவது நியாயமா என்று கேட்கிறேன். டிக்டாக்கின் சீனப் பதிப்பான டௌயினே 2021 செப்டம்பரில், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம், அதுவும் காலை 6 முதல் இரவு 10 வரை மட்டும் என்று வரம்பு வைத்தது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாம் மட்டும் வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கரும்பலகை:

திண்டுக்கல் மாவட்டத்தில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள்: மனிதனின் கவனம் தங்கமீனைவிடக் குறைந்துவிட்டது, எட்டு விநாடிதான் என்ற கதையை யாரும் இங்கே கொண்டுவராதீர்கள். 2015-இல் மைக்ரோசாஃப்டின் கனடா பிரிவு வெளியிட்ட ஓர் அறிக்கையால் பரவியது அது. அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்ட ஆய்வு எதுவும் உருப்படியாக இல்லை. தங்கமீனை யார் உட்காரவைத்து அளந்தார்கள்? இதைவிடப் பொறுப்பான அளவீடு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் செய்தது. திரையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு முன் மக்கள் நிலைத்திருந்த சராசரி நேரம் 2004-இல் இரண்டரை நிமிடமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 47 விநாடியாகக் குறைந்திருக்கிறது. அவர் அளந்தது தாவும் பழக்கத்தை. மூளையின் கொள்ளளவை அல்ல. சரிவின் பெரும்பகுதி டிக்டாக் பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற பழைய சட்டத்தில் முப்பத்தொன்பது பேர், 'எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர்' என்று தொடங்கினார்கள். ஒரு மாணவன் மட்டும், 'தேரின் இடப்பக்கச் சக்கரம் சாக்கடைக்குள் இறங்கியபோது நாதசுரம் நின்றுவிட்டது' என்று தொடங்கியிருந்தான். அழைத்துக் கேட்டேன், எங்கே கற்றாய் என்று. "முதலிலேயே அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்களே, டீச்சர்" என்றான். அவன் மாமாவின் மீன் கடைக்கு ரீல்ஸ் வெட்டிக் கொடுப்பவன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அந்தக் கட்டுரை இரண்டாம் பத்தியோடு நின்றுவிட்டது. சக்கரம் எப்படி மேலே வந்தது, யார் தூக்கினார்கள், தேர் நிலைக்கு வந்ததா என்று ஏதும் இல்லை. கேட்டால், "அதற்குமேல் யார் பார்ப்பார்கள்?" என்கிறான். பத்துக்கு ஏழு போட்டேன். முழு மதிப்பெண் போட்டிருக்க வேண்டுமா, ஐந்து போட்டிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெளிவில்லை.

திண்ணைவாசி:

நிரலன் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். பழைய கைப்பேசி ஒன்றைத் துடைத்து, புதிய கணக்கு தொடங்கி, ஷார்ட்ஸைத் திறந்தேன். முதலில் திரைப்படத் துணுக்குகள், கிரிக்கெட், ஒருவர் பரோட்டா வீசுவது என்று யாருக்கும் பொதுவானவை வந்தன. எட்டாவதோ ஒன்பதாவதோ ஒரு ஆழ்துளைக் கிணறு தோண்டும் காணொளி வந்தது. இதுதான் நம் சோதனைப் பொருள் என்று முடிவுசெய்து அதில் மட்டும் நின்றேன். மற்றவற்றை உடனே தள்ளினேன். இதயக் குறியைத் தொடவில்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. போர்வெல் வண்டி, தண்ணீர் பீய்ச்சியடிக்கும் கணம், தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர், குழாய் இறக்குபவர்கள், மோட்டார் பழுதுபார்ப்பவர் என்று ஓடை முழுவதும் பூமிக்கு அடியில் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், சோதனையை முடித்துவிட்டேன் என்று நினைத்த பிறகும் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமல் கைப்பேசியை வைக்க மனம் வரவில்லை.

நிரலன், உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். குறுமை எனக்காக வைக்கப்பட்டதல்ல, என்னைப் படிப்பதற்காக வைக்கப்பட்டது.

வெட்டு_ஒட்டு:

தேங்காய் நீரோட்டக்காரர் காணொளிகளில் இரண்டை நானே தொகுத்திருக்கிறேன், ஐயா! தண்ணீர் வரும் கணத்தைக் கடைசி ஒரு விநாடிக்குத் தள்ளி வைக்கச் சொல்வார்கள். நீங்கள் கைப்பேசியை வைக்க முடியாமல் போனது தற்செயல் அல்ல.

முடிச்சுக்காரி:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். மதுரையில் கைமுடிச்சுச் சுங்குடி செய்து விற்கும் குடும்பம் எங்களுடையது. காணொளி எடுப்பவர், வெட்டுபவர், பேசுபவர், பொட்டலம் கட்டுபவர் எல்லாம் நான் ஒருத்திதான்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக: பருத்தித் துணியை நகத்தால் சிறிதாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சிட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பல நாள் வேலை. பிறகு சாயத்தில் நனைத்துக் காயவைத்து, இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். அவிழ்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அந்த இழுப்பு எட்டு விநாடிகூட வராது. அந்த எட்டு விநாடியைத்தான் உலகம் பார்க்கிறது.

முதன்முதலில் அதைப் போட்டபோது ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. மறுநாள் கருத்துகளில் வந்தவை: 'இன்னொரு முறை போடுங்கள்', 'சத்தத்தைக் கூட்டி வையுங்கள்', 'தூங்கும் முன் கேட்க இதமாக இருக்கிறது'. சேலையின் விலையைக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வாங்கியவர்கள் இரண்டே பேர். யூடியூப் ஸ்டூடியோவில் பார்த்தவர் எவ்வளவு, தள்ளிவிட்டவர் எவ்வளவு என்று விழுக்காடு காட்டுகிறது அல்லவா? முடிச்சிடுவதைக் காட்டினால் தள்ளிவிட்டவர் பக்கம் உடனே ஏறுகிறது. ஆகவே அவிழ்ப்பதையே திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒரு கட்டத்தில் விற்பதற்காக அல்லாமல், அவிழ்த்துக் காட்டுவதற்காகவே ஒரு கெஜத் துணிகளில் முடிச்சுப் போடச் சொல்லி அம்மாவைக் கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு நிறுத்தினேன்.

வருமானத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஷார்ட்ஸ் விளம்பரத்தில் பங்கு கேட்க வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களோடு, 90 நாட்களுக்குள் 1 கோடிப் பார்வைகள் வேண்டும். அல்லது நீண்ட காணொளிகளுக்கான 4,000 மணி நேரக் கணக்கை எட்ட வேண்டும். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தப் பங்கைத் தருகிறார்கள். எல்லோர் பணமும் ஒரே தொட்டியில் சேர்ந்து, பார்வைக்கேற்பப் பிரிந்து, அதில் 45 விழுக்காடு நமக்கு. நீண்ட காணொளிக்கு 55 விழுக்காடு. ஷார்ட்ஸில் ஒரு திரைப்பாட்டைச் சேர்த்தால் அந்தக் காணொளிக்கு உரிய தொகையில் பாதி, தொட்டிக்கு வருவதற்கு முன்பே இசைக்குப் போய்விடும். பாட்டு இல்லாமல் போட்டால் ரீச் இல்லை. பாட்டோடு போட்டால் காசு இல்லை.

வெட்டு_ஒட்டு:

முடிச்சுக்காரி அக்கா, ஒரு கேள்வி. முடிச்சிடுவதை முழுதாக, நீண்ட காணொளியாக எப்போதாவது போட்டதுண்டா? தொகுப்பதற்கு உதவி வேண்டுமென்றால் கூலி இல்லாமல் செய்து தருகிறேன்.

முடிச்சுக்காரி:

நன்றி, தம்பி. சென்ற ஆண்டு ஒன்று போட்டேன். ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அம்மா சன்னல் அருகில் உட்கார்ந்து முடிச்சிடுகிறார். வெளியே காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்கிறது. வேறு பேச்சோ பாட்டோ இல்லை. தலைப்பில் 'மதுரை கைமுடிச்சுச் சுங்குடி செய்முறை' என்று மட்டும் எழுதினேன். முதல் மாதத்தில் நூறு பேர்கூடப் பார்க்கவில்லை.

பிறகு கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். அவருடைய பாட்டியிடம் இருந்த சேலையைப் போல ஒன்று வேண்டுமென்று, 'சுங்குடி' என்று தட்டச்சு செய்து தேடி, அந்தக் காணொளிக்கு வந்திருக்கிறார். நிரலன் சொன்ன எந்திரம் அவரை என்னிடம் அனுப்பவில்லை. என்ன வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. இரண்டு சேலை வாங்கினார். விலையைக் குறைத்துக் கேட்கவில்லை, ஐந்து நிமிடம் பார்த்தவர் என்பதால் இருக்கலாம். அதன்பின் அவ்வழியே மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் அழைக்கிறார்கள், பெரும்பாலும் வாங்குகிறார்கள். முடிச்சு அவிழும் காணொளிகளையும் நான் நிறுத்தவில்லை, ஏனென்றால் சந்தாதாரர் எண்ணிக்கை அதில்தான் ஏறுகிறது. ஆனால் அவற்றைப் பார்த்து வரும் அழைப்பு நான்கு நாளோடு நின்றுவிடும்.

உதவி செய்வதென்றால் அந்த ஐந்து நிமிடத்தை வெட்டாமல், வண்டிக்காரர் குரலை மட்டும் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். தக்காளி விலையைக் கேட்டும் இரண்டு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள்.